ஒற்றைத் தலைவலிக்குத் தடுப்பு மாத்திரை: எவ்வளவு எதிர்பார்க்கலாம், எங்கே கைவிடும்?

கேள்வி: என் தங்கைக்கு 29 வயது. மாதத்தில் எட்டு, ஒன்பது நாள் ஒற்றைத் தலைவலி. டாக்டர் ப்ரோப்ரனலாலும் ஃப்ளூனரிசினும் சேர்ந்த மாத்திரையை தினமும் இரவில் போடச் சொன்னார். மூன்று வாரம் போட்டாள். பகலெல்லாம் தூக்கமாக வந்தது, பசி கூடியது, தலைவலி குறைந்த மாதிரி தெரியவில்லை. நிறுத்திவிட்டாள். இந்தத் தடுப்பு மருந்துகள் உண்மையிலேயே வேலை செய்யுமா? வெளிநாட்டில் ஊசி வந்துவிட்டது, அதைப் போட்டால் குணமாகிவிடும் என்கிறார்களே? அடுத்த வருடம் அவளுக்குத் திருமணம் வேறு.

பதில்:

வேலை செய்யும். ஆனால் எல்லாருக்கும் செய்யாது, செய்கிறவர்களுக்கும் தலைவலியை முழுசாகப் போக்காது, மூன்று வாரத்தில் பலன் தெரிவது அபூர்வம். உங்கள் தங்கைக்கு அந்த மாத்திரை ஒத்துவரவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம். பலன் தரவில்லை என்று இப்போதே சொல்ல முடியாது, ஏனென்றால் பலன் தெரிவதற்கான அவகாசம் அதற்குக் கிடைக்கவில்லை.

தினமும் சாப்பிடும் தடுப்பு மாத்திரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அவகாசம், உரிய அளவை எட்டிய பிறகு எட்டு வாரம். ‘உரிய அளவை எட்டிய பிறகு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல ஏற்றுவார்கள். ஏற்றி முடிக்கவே ஒரு மாதம் ஆகலாம், அதற்கப்புறம்தான் அந்த எட்டு வாரம் தொடங்குகிறது. ஃப்ளூனரிசின் உடம்பில் மிக மெல்லச் சேர்ந்து மிக மெல்ல வெளியேறும் மருந்து என்பதால் அதற்கு இன்னும் பொறுமை வேண்டும். பக்கவிளைவு மட்டும் முதல் வாரமே வந்துவிடும். பலன் பின்னால் வரும், தொல்லை முன்னால் வரும். இவ்வளவு பேர் பாதியில் விடுவதற்கு இதுவே பெரிய காரணம், இதை மருந்துச் சீட்டு எழுதும்போதே யாராவது நோயாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒரு வாக்கியத்துக்கு அரை நிமிடம் போதும்.

சரி, பலன் என்றால் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளில் மாதத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தால் அந்த நோயாளிக்கு மருந்து பலித்தது என்று கணக்கெடுப்பார்கள். உங்கள் தங்கைக்கு எட்டு நாள் நான்காக வேண்டும். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சில ஆய்வுகளைப் பாருங்கள்.

டோபிரமேட் என்ற வலிப்பு மருந்தை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. தினம் 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 49 சதவீதம் பேருக்குத் தலைவலி பாதியாவது குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 23 சதவீதம். நார்வேயில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் கேண்டசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்துக்கு 43, ப்ரோப்ரனலாலுக்கு 40, வெற்று மாத்திரைக்கு 23 சதவீதம். மருந்தும் நாடும் மாறினாலும் எண்கள் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பாதிப் பேருக்கோ, அதற்குச் சற்றுக் குறைவானவர்களுக்கோ தலைவலி பாதியாகிறது. அந்தப் பாதிப் பேரிலும் கணிசமானவர்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்திருந்தாலும் குறைந்திருக்கும்.

வெற்று மாத்திரைக்கு எப்படிக் குறைகிறது என்று கேட்பீர்கள். நம்பிக்கையின் பலன் கொஞ்சம் உண்டு. அதோடு, தலைவலி மிக மோசமாக இருக்கும் மாதத்தில்தான் ஒருவர் டாக்டரைத் தேடிப் போகிறார். மோசமான மாதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் சுமாரான மாதம் வரும், மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கழிக்காமல் எந்த மருந்தையும், எந்தக் கைவைத்தியத்தையும் எடைபோட முடியாது. “இதைச் சாப்பிட்டேன், அடுத்த மாதமே சரியாகிவிட்டது” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அது எதனால் சரியானது என்பது அவருக்கே தெரிய வழியில்லை, அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் எல்லாரையும் திகைக்க வைத்தது குழந்தைகளிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு. 8 முதல் 17 வயதுள்ளவர்களுக்கு அமிட்ரிப்டிலின், டோபிரமேட், வெற்று மாத்திரை மூன்றில் ஒன்றை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது. தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் அமிட்ரிப்டிலினில் 52 சதவீதம், டோபிரமேட்டில் 55 சதவீதம், வெற்று மாத்திரையில் 61 சதவீதம். இதற்கு மேல் தொடர்ந்தாலும் வித்தியாசம் தெரியப்போவதில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். பக்கவிளைவு மட்டும் மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கே அதிகம். பெரியவர்களிடம் பலன் தந்த இரண்டு மருந்துகள் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. வீட்டில் யாராவது பள்ளிப் பிள்ளைக்கு இந்த மருந்துகளை எழுதிக் கொடுத்திருந்தால், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பெரியவர்களின் கதைக்கு வருகிறேன். இவ்வளவு காலமாகப் பயன்படுத்தி வந்த தடுப்பு மாத்திரைகளில் பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலிக்காக உருவானவை அல்ல. ப்ரோப்ரனலால் இதயத்துக்கு வந்த மருந்து. நெஞ்சுவலிக்காக அதைச் சாப்பிட்டவரின் ஒற்றைத் தலைவலியும் குறைவதை 1960களில் தற்செயலாகக் கவனித்தார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, டோபிரமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்புக்கு, கேண்டசார்டன் ரத்த அழுத்தத்துக்கு. இவை ஒற்றைத் தலைவலியை எப்படிக் குறைக்கின்றன என்பது இன்னும் முழுசாகத் துலங்கவில்லை. வேறு உறுப்புக்கும் வேறு நோய்க்கும் வந்த மருந்து என்பதால் உடம்பில் பல இடங்களைத் தொடுகிறது, பக்கவிளைவும் அத்தனை வகையாக வருகிறது.

டோபிரமேட்டில் விரல் நுனி மரமரக்கும். எடை குறையும், சிலர் அதை வரவேற்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த சொல் வாயில் வராமல் தடுமாறும். ஆசிரியர், வழக்கறிஞர், கணக்குப் பார்ப்பவர் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமே அல்ல. சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பும் கூடும். அமிட்ரிப்டிலினில் வாய் வறளும், மலச்சிக்கல், தூக்கம், எடை கூடுதல். ஆனால் இரவில் தூக்கமே வராதவருக்கு அந்தத் தூக்கம் உதவியாகவே அமையும். ப்ரோப்ரனலாலை ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. மற்றவர்களுக்குச் சோர்வு, படியேறினால் இளைப்பு. ஃப்ளூனரிசினில் தூக்கமும் எடை கூடுதலும் உங்கள் தங்கைக்கு வந்தபடியே பலருக்கும் வரும். மனச்சோர்வு இருந்தவர்களுக்கு அது திரும்பலாம், நீண்ட காலம் சாப்பிட்டால் சிலருக்குக் கை நடுக்கமும் உடல் இறுக்கமும் வரலாம். அதனால்தான் ஃப்ளூனரிசினைச் சில மாதம் கொடுத்துவிட்டு நிறுத்திப் பார்ப்பார்கள். வருடக்கணக்கில் அதே சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்கள் ஒருமுறையாவது மருத்துவரிடம் திரும்பிப் போக வேண்டும்.

இதெல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது என்றால், ஆட்கள் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நாட்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ள 8,000க்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளிகளின் காப்பீட்டுப் பதிவுகளை 2015இல் அலசினார்கள். ஆறு மாதம் கழித்துத் தடுப்பு மாத்திரையை ஒழுங்காகத் தொடர்ந்தவர்கள் நான்கில் ஒருவர்தான். ஒரு வருடம் கழித்து ஐந்தில் ஒருவர்கூட இல்லை என்னும் அளவு. உங்கள் தங்கை நிறுத்தியது விதிவிலக்கு அல்ல, அதுதான் வழக்கம். அவளைத் திட்டாதீர்கள். என்னைக் கேட்டால் பழைய தடுப்பு மாத்திரைகளின் மிகப் பெரிய குறை இதுதான். ஆய்வில் பாதிப் பேருக்குப் பலித்த மருந்து, வீட்டில் அலமாரியிலேயே இருந்தால் யாருக்கும் பலிக்காது.

இன்னொரு குறையும் சேர்ந்துகொள்கிறது. அளவு போதாமை. அந்த நார்வே ஆய்வில் ப்ரோப்ரனலால் தினம் 160 மில்லிகிராம் கொடுத்தார்கள். இங்கே பலருக்கு 20 அல்லது 40 மில்லிகிராமில் தொடங்குகிறார்கள், தொடங்குவது சரிதான். ஆனால் அடுத்த முறை வரும்போது ஏற்றுவதே இல்லை, அல்லது நோயாளி அடுத்த முறை வருவதே இல்லை. பிறகு “ப்ரோப்ரனலால் போட்டுப் பார்த்தாச்சு, சரியாகலை” என்று குறிப்பில் ஏறிவிடும். அதை நம்பி அடுத்த மருத்துவர் அந்த மருந்தையே ஒதுக்கிவிடுவார். இப்படி நியாயமான வாய்ப்புக் கிடைக்காமலே ‘தோற்ற’ மருந்துகளின் பட்டியல் ஒவ்வொரு நோயாளியிடமும் நீள்கிறது. (நாமாகவே அளவை ஏற்றிக்கொள்ளக் கூடாது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்த்துத்தான் ஏற்ற முடியும். அதிக அளவில் சாப்பிட்டு வந்த ப்ரோப்ரனலாலைத் திடீரென்று நிறுத்துவதும் தவறு.)

இப்போது நீங்கள் கேட்ட ஊசி. 1990இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் இருவரும் சக ஆய்வாளரோடு சேர்ந்து, ஒற்றைத் தலைவலி வந்திருக்கும் நேரத்தில் கழுத்து ரத்தக்குழாயில் ஓடும் ரத்தத்தில் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கு கூடியிருப்பதைக் கண்டார்கள். முகத்துக்கும் மூளை உறைக்கும் உணர்வு தரும் நரம்பின் முனைகள் அதை வெளியிடுகின்றன. பின்னால் அதையே ஊசி வழியாக ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குச் செலுத்தியபோது பலருக்குத் தலைவலி வந்தது. அப்படியானால் அதைத் தடுத்தால் தலைவலியைத் தடுக்கலாமே என்று கிளம்பிய தேடல் 2018இல் மருந்தாகக் கைக்கு வந்தது. அந்த மே மாதம் அமெரிக்காவில் எரனுமாப் அனுமதி பெற்றது. அதே வருடம் ஃப்ரிமனெசுமாப், கால்கனெசுமாப், 2020இல் எப்டினெசுமாப். கோட்ஸ்பி, எட்வின்சன் உட்பட நான்கு பேருக்கு 2021இல் மூளை ஆய்வுக்கான பிரெயின் பரிசு கிடைத்தது. ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கென்றே, அதன் வழிமுறையைப் புரிந்துகொண்டு வடிவமைத்த மருந்துகள் இவை. இதை நான் மனதார வரவேற்கிறேன். எத்தனையோ காலம் “இது மனப்பிரமை, டென்ஷன்” என்று ஒதுக்கப்பட்ட ஒரு நோய்க்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்தது பெரிய விஷயம்.

ஆனால் குணமாகிவிடுமா என்றால், எண்ணைப் பாருங்கள். எரனுமாபின் முக்கியமான ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மாதம் சராசரியாக 8.3 நாள் ஒற்றைத் தலைவலி, கிட்டத்தட்ட உங்கள் தங்கையின் நிலைதான். 140 மில்லிகிராம் ஊசியில் மாதத்துக்கு 3.7 நாள் குறைந்தது. வெற்று ஊசியில் 1.8 நாள் குறைந்தது. ஊசியால் கிடைத்த கூடுதல் லாபம் சராசரியாக மாதத்துக்கு இரண்டு நாள். பாதியாகக் குறைந்தவர்கள் சரியாக 50 சதவீதம், வெற்று ஊசியில் 27 சதவீதம். டோபிரமேட்டின் எண்ணைத் திரும்பப் பாருங்கள், அதிலிருந்து தூரமே இல்லை.

பின்னே ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? தாங்கிக்கொள்ள முடிவதுதான் காரணம். ஜெர்மனியில் 700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் எரனுமாபையும் டோபிரமேட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் டோபிரமேட்டில் 38.9 சதவீதம், எரனுமாபில் 10.6 சதவீதம். தலைவலி பாதியாகக் குறைந்தவர்களும் எரனுமாபில் 55 சதவீதம், டோபிரமேட்டில் 31 சதவீதம். விட்டுவிடுகிறவர்கள் குறைவதால் பலன் பெறுகிறவர்கள் கூடுகிறார்கள். அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024இல், பழைய மாத்திரைகளில் தோற்ற பிறகுதான் இவற்றைத் தர வேண்டும் என்பதில்லை, முதலிலேயே தரலாம் என்று அறிவித்ததற்கு இது முக்கியமான பின்னணி.

சராசரி மறைக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மாதத்துக்கு இரண்டு நாள் என்பது எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்ட எண் அல்ல. சிலருக்குத் தலைவலி முக்கால்வாசிக்கு மேல் குறைந்து வாழ்க்கையே மாறிவிடுகிறது. சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. யார் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. போட்டுப் பார்த்துத்தான் தெரிய வேண்டும். பழைய மாத்திரைகளுக்கும் இது பொருந்தும்.

ஊசியின் குறைகளும் உண்டு. எரனுமாபில் மலச்சிக்கல் சிலருக்குக் கடுமையாக வருகிறது, ரத்த அழுத்தம் கூடியதும் பதிவாகியிருக்கிறது. நிறுத்தினால் சில மாதங்களில் பலருக்குத் தலைவலி திரும்புகிறது, நோயின் வேரை அது பிடுங்குவதில்லை. பணம் அடுத்த சுவர். பழைய மாத்திரைகள் மாதம் சில நூறு ரூபாயில் முடியும். இந்த ஊசிக்குப் பல ஆயிரம் ஆகும், மாதாமாதம். கடன் வாங்கியாவது போட வேண்டிய மருந்தா என்று கேட்டால், பழைய மாத்திரைகளில் ஒன்றைக்கூட முறையாகப் பார்க்காத உங்கள் தங்கைக்கு இன்று அது தேவையில்லை என்பது என் கருத்து. இதே புரதத்தைத் தடுக்கும் அடோஜிபாண்ட், ரிமெஜிபாண்ட் போன்ற மாத்திரைகளும் 2021 முதல் அமெரிக்காவில் தடுப்புக்கு அனுமதி பெற்றிருக்கின்றன.

போடாக்ஸ் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருப்பவர்களுக்கானது. தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் ஊசியாகப் போடுவார்கள், 12 வாரத்துக்கு ஒருமுறை. உங்கள் தங்கைக்குப் பொருந்தாது.

திருமணம் பற்றி ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. வால்ப்ரோயேட் அவளுக்கு வேண்டவே வேண்டாம். கருவுற்ற காலத்தில் அதைச் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு வருகிறது, பத்தில் மூன்று, நான்கு பேருக்கு மன வளர்ச்சியில் சிக்கல் வருகிறது. டோபிரமேட்டில் உதட்டுப்பிளவு அபாயம் உண்டு. குழந்தையின் மூளை வளர்ச்சி பற்றிய கவலையால் 2023இல் ஐரோப்பிய மருந்து முகமை அதற்கும் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. கேண்டசார்டனும் கர்ப்பத்தில் கூடாது. கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது, தெரிவதற்குள் முக்கியமான வாரங்கள் கடந்துவிடும். எரனுமாப் போன்ற ஊசிகளும் உடம்பை விட்டுப் போகப் பல மாதம் எடுக்கும் என்பதால் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு ஏறக்குறைய ஆறு மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ப்ரோப்ரனலாலும் அமிட்ரிப்டிலினும் மருத்துவர்கள் தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் யோசிக்கும் மருந்துகள். ஆறுதலான செய்தி, கர்ப்பத்தின் நான்காம் மாதத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு ஒற்றைத் தலைவலி தானாகவே குறைகிறது. அப்புறம், தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கோடுகள் மின்னுவது, பார்வையில் ஒரு பகுதி மறைவது போல அவளுக்கு வருமா என்று கேளுங்கள். வருமென்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவளுக்கு ஆகாது, பக்கவாத அபாயம் கூடும்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். தலைவலி வரும்போது என்ன போடுகிறாள், மாதத்தில் எத்தனை நாள்? சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலி வந்ததும் போடும் டிரிப்டான் வகை மருந்துகளையோ பல மருந்து கலந்த மாத்திரைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டு வந்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். மருந்துக் கடையில் ‘தலைவலிக்கு ஒண்ணு குடுங்க’ என்று வாங்குவது பெரும்பாலும் கலப்பு மாத்திரைதான், அதனால் பத்து என்ற எல்லையை எளிதில் தொட்டுவிடுவோம். இதைக் கவனிக்காமல் தடுப்பு மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டால் பலன் மிகவும் குறையும்.

யோகா உதவுமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெல்லி எய்ம்ஸில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு மருந்து மட்டும் எடுத்தவர்களை விடத் தலைவலியும் மாத்திரைத் தேவையும் அதிகம் குறைந்தன. யோகா செய்கிறோம் என்பது செய்கிறவருக்குத் தெரியும், எனவே நம்பிக்கையின் பங்கைப் பிரிக்க முடியாது. ஆனாலும் பக்கவிளைவில்லாத, செலவில்லாத ஒன்று. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்துச் செய்யட்டும்.

இனி நடைமுறைக்கு. மாதம் நான்கு நாளுக்கு மேல் தலைவலி இருந்தாலே தடுப்பு மருந்து யோசிக்கலாம் என்பது பொதுவான வழிகாட்டல், எனவே எட்டு நாள் உள்ளவளுக்கு அது நியாயமான தேவைதான். அவளை ஒரு காலண்டரில் மூன்று விஷயம் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். தலைவலி வந்த நாள், அது எவ்வளவு கடுமை, அன்று என்ன மாத்திரை போட்டாள். மாதவிடாய் நாளையும் குறித்தால் நல்லது. புது மருந்து தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதமாவது இந்தக் குறிப்பு வேண்டும், இல்லாவிட்டால் குறைந்ததா கூடியதா என்று பின்னால் ஒப்பிட எதுவும் இருக்காது. குறிப்பை எடுத்துக்கொண்டு, முடிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போகட்டும். ஆஸ்துமா உண்டா, மனச்சோர்வு இருந்ததா, எடை, தூக்கம், திருமணத் தேதி எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லட்டும். பிறகு இவற்றைக் கேட்கட்டும்: இந்த மாத்திரையை எந்த அளவு வரை ஏற்றுவீர்கள், எந்தத் தேதியில் பலனைப் பார்த்து முடிவு செய்வோம், எந்தப் பக்கவிளைவு வந்தால் உடனே உங்களைக் கூப்பிட வேண்டும், பலித்தால் எப்போது குறைத்து நிறுத்திப் பார்ப்போம். பலித்த மருந்தை ஆறு மாதமோ ஒரு வருடமோ கொடுத்துவிட்டு மெல்லக் குறைப்பது வழக்கம். நிறுத்திய பிறகு சிலருக்குத் தலைவலி கொஞ்சம் ஏறும், சிலருக்கு முன்பிருந்த நிலைக்கு முழுவதும் போவதில்லை.

தூக்கமும் எடையும்தான் அவளுக்குப் பிரச்சினை என்றால் ஃப்ளூனரிசினை விட்டுவிட்டு, ஆஸ்துமா இல்லாத பட்சத்தில், ப்ரோப்ரனலாலை மட்டும் தனியாக, சரியான அளவுக்கு ஏற்றிப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அவள் இடத்தில் என் வீட்டுப் பெண் இருந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.